ஆலிவ் பண்ணைக்குக் காரில் போகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 49 வயது. ஈரோட்டில் தனியார் நிறுவன வேலை. கைக்கு வரும் சம்பளம் 95,000 ரூபாய். வரும் அக்டோபரில் மனைவியுடன் இத்தாலியின் டஸ்கனி போய், அறுவடை நடக்கும் ஆலிவ் பண்ணை ஒன்றில் 7 இரவுகள் தங்க ஆசை. ரோமில் இறங்கியதுமே வாடகைக் கார் எடுத்து, 9 நாளும் நானே ஓட்டுவதாகத் திட்டம். பண்ணைக்கு 840 யூரோ, காருக்கு 380 யூரோ. எல்லாம் சேர்த்து 3 லட்சம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். வங்கி 14% வட்டியில் தனிநபர் கடன் தருகிறது. 6 லட்சம் வைப்புநிதியும் இருக்கிறது. ஆனால் அது அடுத்த ஆண்டு ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. எதைத் தொடலாம்? காய் பறித்துக் கொடுத்தால் தங்குமிடம் இலவசம் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: இரண்டையும் தொடாதீர்கள். பயணத்தை ஓராண்டு தள்ளிப் போடுங்கள். அதற்குள் பணம் சேர்ந்துவிடும்.

3 லட்சத்தை 14% வட்டியில் 2 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 14,400 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 45,700. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால், உங்கள் பண்ணையில் நாலு இரவு வாடகைக்குச் சற்றே குறைவு. அதே 14,400 ரூபாயை இந்த மாதமே தொடர் வைப்பில் போடத் தொடங்கினால், அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் 20 தவணை கட்டியிருப்பீர்கள். வட்டியோடு 3 லட்சத்தைத் தொட்டுவிடும். இரண்டு கணக்காகப் பிரியுங்கள்: விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் 15 மாதத்தில் முடிவது ஒன்று, மற்றதற்கு ஒன்று. மகளின் பணத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. அது உங்கள் பணமல்ல.

உங்கள் கணக்கில் பண்ணை சரியாகத்தான் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பல பண்ணைகள் ஒரு வாரத்துக்குக் குறைந்து அறை தருவதில்லை. அறுவடைக் காலத்தில் அந்தப் பிடிவாதம் தளரும். 'அக்ரிதுரிஸ்மோ' (விருந்தினரைத் தங்க வைக்கும் விவசாயப் பண்ணை) என்ற பெயரை இத்தாலியின் 2006ஆம் ஆண்டின் 96ஆம் சட்டப்படி உண்மையாக விவசாயம் செய்பவர் மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பண்ணைக்காரருக்கே நேரடியாக எழுதி விலை கேளுங்கள். 1985 ஜனவரி உறைபனியில் டஸ்கனியின் ஆலிவ் மரங்களில் பெரும்பகுதி பட்டுப்போனது. எண்ணெய் வருமானத்தை மட்டும் நம்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தரகு போகாத அறை வாடகைக்கு இறங்கி வருவார்கள்.

கணக்கு உதைப்பது காரில்தான். 380 யூரோ என்பது வெறும் தொடக்கம். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். முன்பணம் ஏற்றிய பயண அட்டையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அந்தக் கார்டில் ஆயிரம் யூரோ அளவுக்குத் தொகையை நிறுத்தி வைக்கக்கூடும். உங்கள் கார்டு வரம்பு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பண்ணைக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டர் பெரும்பாலும் வெள்ளைச் சரளைச் சாலை. டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியவற்றைச் சாதாரண வாடகைக் காப்பீடு பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இவற்றையும் சேர்த்துக் காப்பீடு எடுத்தால் என்ன விலை என்று கேட்டு, அதையே கார் வாடகை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ரோமில் காரே வேண்டாம். அங்கும் ஃப்ளோரன்ஸிலும் பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். அபராதம் உண்டு. உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு கார் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு விரைவு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கே விமான நிலையத்தில் கார் எடுத்தால் பழைய நகருக்குள் போகாமலே வெளியேறலாம். பிறகு கியாந்தி மலைகளுக்குள் கிரேவே, காஸ்தெல்லினா ஊர்கள் வழியாக சியேனா போகும் 222ஆம் சாலை. நீங்கள் கனவு காணும் பயணம் அதுதான். திரும்பும்போது அவசரமென்றால் சியேனா–ஃப்ளோரன்ஸ் விரைவுச் சாலைக்குச் சுங்கமில்லை. பண்ணையை 5 இரவாகக் குறைத்து, காரையும் அந்த நாட்களுக்கு மட்டும் எடுங்கள். பண்ணையில் மட்டும் 240 யூரோ மிச்சம். கார் வாடகையிலும் நாலு நாள் குறையும். கியர் மாற்ற வேண்டிய கார்களே அங்கு அதிகம், சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இப்போது வாங்காதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருவது ஓராண்டுக்குத்தான் செல்லும். விசா கட்டணம் தலைக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்ப வரும் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கும். தனித்தனியாக முன்பதிவு செய்து, யூரோவைப் பயண அட்டையில் ஏற்றினால், நிதியாண்டில் 10 லட்சம் வரை அந்தப் பிடித்தம் இல்லை.

நண்பர் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை; கூலிக்குப் பதில் அறை என்றாலும் அது வேலைதான். மரத்தடியில் வலை விரிப்பதையும், காய் ஆட்டும் ஆலையையும் விருந்தினராக நின்று பாருங்கள். புது எண்ணெய் வாங்கினால், டின்னை விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பதே நல்லது. பல விமான நிலையங்களில் கைப்பையில் விட மாட்டார்கள்.

திரும்பி வந்ததும் மிச்சமிருக்கும் பணத்தில் 25,000 ரூபாயை ஓராண்டுக்குத் தொடாமல் வையுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் போக்குவரத்து அபராதக் கடிதம் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. கடிதம் வந்தால், கைக்குக் கிடைத்த 5 நாளுக்குள் கட்டுங்கள்; 30% தள்ளுபடி உண்டு.