வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட் எடுத்து குவாண்டம் படிக்க வேண்டாம்

போன சனிக்கிழமை டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகள் இந்த ஆண்டு மேட்ரிக், பள்ளியின் கடைசி வருஷம். கணக்கில் கெட்டி. அணு அளவில் பொருள்கள் நடந்துகொள்ளும் விதிகளை வைத்துக் கணக்குப் போடுவது குவாண்டம் கணினி. அதை வைத்து மெஷின் லேர்னிங், அதாவது தரவைக் காட்டிக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது, செய்யும் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் தாய்மாமன், "அப்படியென்றால் வெளிநாட்டுக்கு அனுப்பு, குவாண்டம் ஏஐ என்றே பட்டம் தருகிறார்கள்" என்று சொல்லிவிட்டாராம். வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட், அதாவது அடமானக் கடன், எடுக்க அப்பா வங்கியில் ஃபாரமும் வாங்கி வந்துவிட்டார். "பிள்ளை ஆசைப்படுகிறாள், தடுத்தால் பாவமில்லையா?" என்று அந்த அம்மா கண் கலங்கினார்.

அம்மா, பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டும். ஆனால் அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தத் துறை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. வங்கி மோசடியைக் கண்டுபிடிப்பது, ஸ்கேன் படத்தைப் படிப்பது போன்ற அன்றாட வேலைகளில் குவாண்டம் கணினி சாதாரணக் கணினியை முந்திவிட்டது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பட்டத்தில் அந்தப் பெயர் இருந்தாலே வேலை காத்திருக்கும் என்று மாமா சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 2018-ல் நடந்ததைப் பாருங்கள். யாருக்கு எந்தப் பொருள் பிடிக்கும் என்று பரிந்துரைக்கும் கணக்கில் சாதாரணக் கணினி குவாண்டத்தின் கிட்டேகூட வர முடியாது என்று நம்பியிருந்தார்கள். மலைக்கும் மடுவுக்குமான அந்த வித்தியாசம் உண்மையில் இல்லை என்று யூவின் டாங் என்ற 18 வயது மாணவர் காட்டினார். அதற்கு அவர் கையிலிருந்தது, எண்களை வரிசையும் பத்தியுமாக அடுக்கும் அணிகளும் நிகழ்தகவும்தான்.

அந்தக் கணக்கை டர்பனிலேயே படிக்கலாம். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தை நம்மவர்கள் ஏனோ இந்தத் துறையோடு சேர்த்து நினைப்பதே இல்லை. 1961-ல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று சாலிஸ்பரி தீவில் ஒதுக்கிய கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்த தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கல்லூரிதான் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-ல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இந்தக் குவாசுலு-நடால் பல்கலைக்கழகமானது. மரியா ஷுல்ட் இந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்றது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான், 2017-ல். அடுத்த ஆண்டே அவரும் பேராசிரியர் பிரான்செஸ்கோ பெட்ருச்சியோனேயும் சேர்ந்து இந்தத் துறைக்கென்றே ஒரு பாடநூல் எழுதினார்கள். மாமா சொல்லும் வெளிநாட்டு வகுப்பில் அந்தப் பாடநூலையே கையில் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

உங்கள் மகள் சேர வேண்டியது கணிதத்தையும் இயற்பியலையும் முதன்மையாகக் கொண்ட மூன்று ஆண்டு பி.எஸ்ஸி. கூடவே புரோகிராமிங், புள்ளியியல் பாடங்களை எடுத்துக்கொள்ளட்டும். அந்த அணிகளின் கணக்கான நேரியல் இயற்கணிதத்தில் மட்டும் ஒரு மதிப்பெண்கூட விடக்கூடாது. நான்காவது ஆண்டு ஆனர்ஸ். பெட்ருச்சியோனே பிறகு ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், அதனால் மேற்படிப்புக்கு அங்கேயும் போகலாம். ஐபிஎம்மின் குவாண்டம் வலையமைப்பில் 2019-ல் சேர்ந்த, ஜோஹானஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

மற்றதற்குச் செலவே இல்லை. அன்றைக்கு அவளுடைய பழைய லேப்டாப்பில் பென்னிலேன் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினேன். குவாண்டம் கணினி செய்வதை அது சாதாரணக் கணினியிலேயே போலச் செய்து காட்டும். ஒரே ஒரு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் மிகச் சிறிய தகவல் அலகு. கொடுக்கிற எண்ணைச் சுழற்சிக் கோணமாக மாற்றி, ஆயிரம் முறை அளந்து, சராசரியை எடுத்து, விடை தப்பினால் இன்னொரு கோணத்தைக் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும். கற்பது என்பது அங்கே அவ்வளவுதான். "ஒரு தடவை அளந்தால் போதாதா?" என்று கேட்டாள். ஒரு தடவைக்கு 0 அல்லது 1 மட்டுமே வரும் என்றேன். உடனே பேப்பரை இழுத்து, எத்தனை முறை அளந்தால் பிழை பாதியாகும் என்று போட ஆரம்பித்து, நான்கு மடங்கு என்று அவளே கண்டுபிடித்தாள். இருபது கியூபிட்டை இப்படிப் போலச் செய்ய நினைவில் வைக்க வேண்டியது சுமார் பத்து லட்சம் எண்கள், 16 மெகாபைட், அந்த லேப்டாப்பே தாங்கும். முப்பது என்றால் 16 ஜிகாபைட், தாங்காது. இளநிலை முடியும்வரை அவளுக்கு இருபதே தாராளம்.

"கம்ப்யூட்டர் மட்டும் படித்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். திரையை விட்டுவிட்டுப் பேப்பரை இழுத்த பிள்ளை அவள். கணக்கை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள். குவாண்டம் பத்து வருஷம் தாமதமானாலும் இதே பட்டத்தோடு வங்கிக்கும் காப்பீட்டுக்கும் தரவு வேலைக்கும் போகலாம்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள். ஆனர்ஸிலிருந்து என்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்குப் போட்டியிடலாம். வெளிநாடு போவதானால் முனைவர் பட்டத்துக்கு, அவர்களே உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடும்போது போகட்டும். மாமாவிடம் இதை மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள். மாதாமாதம் பாண்ட் கட்டப்போவது அவர் இல்லை. இந்த வாரமே பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சிஏஓ பொது விண்ணப்பத்தில் வெஸ்ட்வில் பி.எஸ்ஸி.யை முதல் விருப்பமாகப் போட்டுவிட்டு, மகளை மறுபடி என்னிடம் அனுப்புங்கள். இரண்டு கியூபிட் பாக்கி இருக்கிறது.