மொரிசியஸில் படிக்க வரும் தமிழ் மாணவருக்கு மொழிப் பரிமாற்றம் எதற்கு?

இரண்டு பேர் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் பேசிப் பழகக் கொடுப்பதுதான் மொழிப் பரிமாற்றம். அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் கிரியோல் (மொரிசியஸ் மக்கள் அன்றாடம் பேசும் மொழி), கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை நாம் வெறுமனே திருப்பித் தருவதில்லையே, அதே வழக்கம்தான்.

இங்கே பல்கலைக்கழக வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் பேருந்திலும் சந்தையிலும் காதில் விழுவது கிரியோல். ஆசிரியர் முன் தப்பாகப் பேசக் கூச்சமாக இருக்கும்; எதிரே இருப்பவரும் தடுமாறுகிறார் என்றால் அந்தக் கூச்சம் போய்விடும்.

கிரியோலில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. 'மோ மான்ஸே' என்றால் நான் சாப்பிடுகிறேன், 'லி மான்ஸே' என்றால் அவர் சாப்பிடுகிறார். அப்புறம் நம்மிடம் தமிழ் பழகும் நண்பர் "சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய், சாப்பிடுகிறார், ஏன் இத்தனை?" என்று கேட்பார். அப்போதுதான் நம் மொழியை நாமே முதல்முறை உற்றுப் பார்க்கிறோம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நொடிதான்.

மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, பலருக்குத் தமிழ்ப் பெயர், அதனால் தமிழிலேயே சமாளித்துவிடலாம் என்று நினைத்துச் சில மாணவர்கள் இங்கே வருகிறார்கள். ஆனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டில் பேசுவது கிரியோல்தான்.