கலரை விட்டுத் தண்ணீருக்கு: வாசகர் கேள்வி பதில்

இனிப்புப் பானங்களை விட்டுவிட்டு வெறும் தண்ணீருக்கு மாற நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

மதியம் 600 மில்லி கோலா, சாயங்காலம் 250 மில்லியில் ஒரு சின்ன பாட்டில். பல வருடப் பழக்கம். ஒரேயடியாக நிறுத்தினேன், மறுநாளே தலையைப் பிளக்கிற வலி. உடம்புக்குச் சர்க்கரை போதவில்லையா?
– வாசகர், கோவை

சர்க்கரைக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமில்லை. கோலாவில் காபீன் இருக்கிறது, 100 மில்லிக்குச் சுமார் 10 மில்லிகிராம். நீங்கள் குடித்தது 850 மில்லி என்றால் கிட்டத்தட்ட ஒரு கப் காபி அளவு. அது திடீரென்று நின்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். பலர் அந்த இரண்டாம் நாளில்தான் மறுபடி பாட்டிலைத் திறக்கிறார்கள்.

சர்க்கரையை இன்றே நிறுத்துங்கள், காபீனை மெல்லக் குறையுங்கள். கோலா குடித்த அதே நேரத்தில் சர்க்கரை போடாத கட்டங்காபியோ டீயோ அரை டம்ளர் குடியுங்கள். ஒரு வாரம் கழித்து அதைக் கால் டம்ளராக்கி, பிறகு விட்டுவிடலாம். சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். தாகத்தோடு உட்கார்ந்தால் கை தானாகக் கோலாவைத் தேடும்.

நாக்கு தேடுவது அந்தச் சுருக்கென்ற கேஸை என்றால், வெறும் சோடாவில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து குடியுங்கள். பன்னீர் சோடா வேண்டாம், அதுவும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

நீங்கள் விட்டது எவ்வளவு என்பதையும் பாருங்கள். இந்தப் பானங்களில் 100 மில்லிக்குப் பத்து, பத்தரை கிராம் சர்க்கரை இருக்கும். 850 மில்லிக்கு ஏறக்குறைய 90 கிராம். டீ, இனிப்பு, ஜூஸ் எல்லாவற்றிலும் சேரும் சர்க்கரை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது. காய்ச்சிக் குடித்தாலும் அப்படியே. அதனால்தான் பிள்ளைகள் பாட்டிலில் எதையாவது கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, சென்னை

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். வீட்டுத் தண்ணீர் வாய்க்குப் பிடிக்காவிட்டால் எந்த வைராக்கியமும் நாலு நாளைக்கு மேல் நிற்காது. முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள், பிள்ளைகளை அப்புறம் பார்க்கலாம்.

ஆர்.ஓ. மெஷின் உப்புகளை வடித்துவிடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டி.டி.எஸ். 50க்குக் கீழே போனால் பலருக்குத் தண்ணீர் சப்பென்றுதான் தெரியும். பல மெஷின்களில் இதைக் கூட்டும் திருகு ஒன்று உள்ளே இருக்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லி 80 முதல் 150க்குள் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் திருகு செய்வது, வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைக் கலப்பதுதான். மாநகராட்சித் தண்ணீர் என்றால் சரி. போர் தண்ணீர் என்றால் பரிசோதித்த பிறகே கை வையுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் அதிகம் உள்ள ஊர்களில் திருகைத் தொடவே வேண்டாம்.

காய்ச்சும்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. ஆறிய பிறகு, சுத்தமான இரண்டு பாத்திரங்களில் டீ ஆற்றுவது போல நாலைந்து முறை உயர்த்தி ஊற்றுங்கள். ருசி திரும்புவது உடனே தெரியும்.

அடுத்து மண்பானை. புதுப் பானையை ஒரு நாள் முழுக்க நீர் நிரப்பி வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஈர மணல் மேல், நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பானை வியர்த்து, அந்த ஈரம் காய்வதால்தான் உள்ளே குளிர்கிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம்; மதுரையில் குளிர்கிற அளவு குளிராது, அதைப் பானையின் குறை என்று நினைக்காதீர்கள். சில மாதத்தில் குளிர்ச்சி குறைந்தால் உப்புப் படிந்து துளைகள் அடைத்திருக்கும். தேங்காய் நாரும் வெந்நீரும் கொண்டு தேய்த்து வெயிலில் காய வையுங்கள். சோப்பு போடக் கூடாது. பானை அதைக் குடித்துக்கொண்டு தண்ணீரில் விடும்.

வாசனை வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி வெட்டிவேரைப் பலமுறை அலசி, மெல்லிய துணியில் கட்டி, இரவில் பானையில் போடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மூன்றாம் நாள் வேரை எடுத்துக் காய வைத்துவிடுங்கள், விட்டால் வழுவழுப்பாகி நாற்றம் வரும்.

ரோஸ்மில்க், நன்னாரி சர்பத் வீட்டிலேயே போடுகிறோம். இதுவும் கெடுதலா?
– வாசகி, கும்பகோணம்

வீட்டில் போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான். 30 மில்லி சிரப்பில் 20, 25 கிராம் வரை இருக்கும். கண்ணளவில் ஊற்றாமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை 5 மில்லி குறைத்துக்கொண்டே வந்தால் குழந்தைகளின் நாக்கு தகராறு செய்யாது. 10 மில்லிக்கு வந்ததும் தினசரி கொடுப்பதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று போட்ட ஜூஸ்?
– வாசகர், சேலம்

பழத்தின் சொந்தச் சர்க்கரையே 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் இருக்கும். பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள்.

வெயிலில் கட்டட வேலை. வெறும் தண்ணீர் போதுமா, குளுக்கோஸ் பவுடர் கலக்க வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

வியர்வையில் போவது நீரும் உப்பும். குளுக்கோஸ் பவுடரில் பெரும்பங்கு சர்க்கரைதான். தாகத்துக்குக் காத்திருக்காமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இடையில் இரண்டு வேளை, ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு உப்பு போட்ட நீர்மோர், மதியம் கஞ்சி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். கலர், ஜூஸ் எல்லாவற்றையும் நாளையிலிருந்து விடலாமா?
– வாசகி, ஈரோடு

விட வேண்டியதுதான், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். அந்தப் பானங்களையும் சேர்த்துத்தான் உங்கள் இன்சுலின் அளவு அமைந்திருக்கும். அளவை மாற்றாமல் பானத்தை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். முதல் இரண்டு வாரம் வீட்டு மீட்டரில் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். கைநடுக்கம், குப்பென்ற வியர்வை, படபடப்பு வந்து மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அந்த நேரத்தில் ‘டயட்’ என்று எழுதிய பானம் உதவாது, அதில் சர்க்கரையே இல்லை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்கும்படி வீட்டில் உள்ளவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.