படிவத்தை நிரப்புவதற்கு முன்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தாறு. அப்பா இறந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் திடீரென நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றிவிடுகிறது. ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றும் இல்லை, மனநல ஆலோசனை பெறுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளூரில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படும். இன்ஸ்டாகிராமில் பார்த்து, சென்னையிலிருந்து காணொளி வழியாகத் தனியாக ஆலோசனை வழங்கும் உளவியலாளர் ஒருவருக்கு எழுதினேன். அவர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். பல வாரங்களாக அதை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அவர் தகுதியானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணவர், குழந்தை, மாமியாருடன் இரண்டு அறை வீட்டில் இருக்கும் நான் எங்கே உட்கார்ந்து பேசுவது? அவசரத் தொடர்புக்கு யாருடைய எண்ணைக் கொடுப்பது? எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் ஆகும்? இதையெல்லாம் அவரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. கணவருக்கு இன்னும் தெரியாது.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கேட்க வெட்கமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் கேள்விகள் எவையும் அற்பமானவை அல்ல. சிகிச்சைக்குப் போகத் துணிந்த பலரும் தடுமாறி நின்றுவிடுவது பணம், அறை, தொலைபேசி எண் போன்ற இந்த இடங்களில்தான். ஆகவே என் பதிலின் முதன்மையான பகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை அனைத்தையும் அந்த உளவியலாளரிடமே, முதல் அமர்வுக்கு முன்பே, எழுத்தில் கேளுங்கள். நல்ல பயிற்சி பெற்றவர் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்திருப்பார். பொறுமையாகவும் தெளிவாகவும் விடை சொல்வார். கேட்டதற்காக ஒருவர் முகம் சுளித்தாலோ, மழுப்பினாலோ, அவரிடம் உங்கள் துயரத்தைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

அதற்கு முன் உடம்பைப் பற்றி ஒரு சொல். இதயப் பரிசோதனைகள் முடிந்துவிட்டன என்கிறீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகிய இரண்டையும் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும்.

தகுதியைப் பற்றி. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுபவர், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எம்.ஃபில். மருத்துவ உளவியல் என்பது அதற்குரிய படிப்புகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது. இரண்டு ஆண்டுகள், மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தே கற்க வேண்டும். பதிவு பெற்றவருக்கு சி.ஆர்.ஆர். எண் என்ற பதிவு எண் ஒன்று உண்டு. அதை அவரிடம் கேட்டு வாங்கி, அந்த மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். ஆனால் தனியாக ஆலோசனை வழங்கும் பலர் மருத்துவ உளவியலாளர்கள் அல்லர். உளவியலில் முதுகலை முடித்து ஆலோசனைப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு பதிவேடு நெடுங்காலம் இருக்கவில்லை. 2021-இல் இயற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது என்றாலும், சில வார இணையவழிச் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘தெரபிஸ்ட்’ என்று பக்கம் தொடங்குபவர்களை அது இன்னும் தடுத்துவிடவில்லை. ஆகவே பதிவு எண் இல்லை என்பதாலேயே ஒருவரை ஒதுக்க வேண்டாம். எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் எவ்வளவு காலம் பயிற்சி பெற்றார், கடினமான நேரங்களில் இப்போது யாரிடம் ஆலோசனை கேட்கிறார், பீதித் தாக்குதல் (உங்களுக்கு வருவதுபோல் திடீரென வரும் படபடப்பும் சாவு பயமும்) உள்ளவர்களோடு பணியாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது இவற்றில் எதற்கும் விடை ஆகாது.

உளவியலாளர் மாத்திரை எழுதக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது மனநல மருத்துவரின் வேலை. மருந்து தேவைப்படலாம் என்று தோன்றினால் நல்ல உளவியலாளர் உங்களை மனநல மருத்துவரிடம் அனுப்புவார். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி மனநல மருத்துவரையும் காணொளி வழியாகப் பார்க்க முடியும். சில வகை மருந்துகளை மட்டும் அவ்வாறு எழுதித்தர அனுமதி இல்லை.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். நீங்கள் அதை அனுப்பவில்லை என்றாலும், இப்படிப்பட்ட படிவங்களில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயர், வயது, முகவரி, சாப்பிடும் மருந்துகள், முன்பு சிகிச்சை பெற்றதுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, மது உண்டா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா, அவசரத் தொடர்பு எண். உங்களை நிறுத்தி வைத்திருப்பவை கடைசி இரண்டும் என்று நினைக்கிறேன்.

உயிர்விடும் எண்ணத்தைப் பற்றிய கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறார்கள். உங்களைச் சந்தேகித்து அல்ல. ‘ஆம்’ என்று எழுதினால் போலீஸ் வரும், மருத்துவமனையில் அடைத்துவிடுவார்கள் என்று பலர் அஞ்சி ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயற்சி செய்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்கிறது. உண்மையை எழுதுங்கள். அவர் முதல் அமர்வில் அதைப் பற்றி நிதானமாகக் கேட்பார், அவ்வளவுதான்.

அவசரத் தொடர்பு எண் இணையவழிச் சிகிச்சையில் நேர்ச் சிகிச்சையைவிட முக்கியமானது. அவர் சென்னையில் இருக்கிறார், நீங்கள் கரூரில் இருக்கிறீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் அவரால் எழுந்து வந்து கதவைத் தட்ட முடியாது. அதனால்தான் பொறுப்புள்ளவர்கள் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் “இப்போது எங்கே இருக்கிறீர்கள், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்பார்கள். அந்த எண் கணவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலேயே இருக்கும், அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய, வாயைக் காக்கத் தெரிந்த ஒருவர் போதும்: உடன்பிறந்தவர், பழைய தோழி, உடன் வேலை பார்க்கும் ஓர் அக்கா. அவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அல்லாமல் வேறு எதற்கும் அந்த எண்ணை அழைக்க மாட்டேன் என்று உளவியலாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது அவருடைய கடமை. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைச் சிகிச்சை பெறுபவரின் உரிமையாகவே சொல்கிறது. விலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால், குழந்தை ஒன்று பாலியல் வன்முறைக்கு உள்ளாவது தெரியவந்தால். கடைசியில் சொன்னதைப் போக்சோ சட்டப்படி அவர் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த விலக்குகளை முதல் அமர்விலேயே அவராக எடுத்துச் சொல்ல வேண்டும். அமர்வு பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகளை எங்கே வைக்கிறார், குறிப்பெடுக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலி எதையாவது பயன்படுத்துகிறாரா என்பதையும் கேளுங்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

அறை. உண்மையில் இதுதான் நம் வீடுகளில் மிகக் கடினமான கேள்வி. உளவியலாளர்கள்கூட இதை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். ஹெட்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது அப்பாவின் சாவைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ பேச முடியாது. பேச முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் பேசினால் சிகிச்சை நகராது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் வாரத்தில் ஒன்று கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தோழியின் வீட்டு அறை ஒன்றைக் கேளுங்கள். மரத்தடியில் நிறுத்திய காரில் உட்கார்ந்து பேசுபவர்கள் நிறையப் பேர் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அலுவலகத்து லேப்டாப்பிலோ அலுவலக இணைப்பிலோ பேச வேண்டாம். அவற்றை நிறுவனம் கண்காணிக்க முடியும். சொல்ல முடியாத ஒன்றை உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்யலாம். யாராவது உள்ளே வந்துவிட்டால் “சரிங்க மேடம், அந்த இன்வாய்ஸை நாளைக்கு அனுப்பிவிடுகிறேன்” என்பதுபோல் ஒரு வாக்கியத்தை முன்பே அவருடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பூட்டிய திரையில் வாட்ஸாப் செய்திகள் தெரியாதபடி அமைத்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்பதும் முன்பே முடிவாகட்டும்.

நான் சில ஆண்டுகளுக்கு முன் காணொளி வழியாகச் சிகிச்சை பெற்றவள். தொடக்கத்தில் எனக்கு இடைஞ்சலாக இருந்தது திரையின் மூலையில் தெரிந்த என் முகம். அழும்போது நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஜூமில் அதை மறைத்துவிட ஒரு வசதி இருக்கிறது. அமர்வு முடிந்ததும் உடனே அடுப்படிக்குப் போகாமல் கால் மணி நேரமாவது தனியாக இருக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன்.

செலவு. கட்டணம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். சில நூறு ரூபாயிலும் உண்டு, சில ஆயிரத்திலும் உண்டு. தொகையைக் கேட்பதோடு, அமர்வு எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் ரத்து செய்யலாம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் வர முடியாவிட்டால் முழுக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். பத்து அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால், இரண்டு மூன்று அமர்வுகள் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் உண்டு. கேட்பதில் இழிவு எதுவும் இல்லை. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்பீட்டில் வேறுபாடு கூடாது என்று சட்டம் சொன்னாலும், பெரும்பாலான திட்டங்கள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. எனவே அதை நம்ப வேண்டாம். ஜிபேயில் அனுப்பினால் வங்கிக் கணக்கில் அவர் பெயர் தெரியும். கணக்கு இருவருக்கும் பொதுவென்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். செலவு தாங்காது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை. உங்கள் ஊரில் வேண்டாம் என்றால் திருச்சிக்குப் போகலாம்.

எத்தனை மாதம் என்பதற்கு அவரே முதல் சில அமர்வுகளுக்குப் பின்தான் சொல்ல முடியும். ஆனாலும் ஓர் அளவு சொல்கிறேன். பீதித் தாக்குதலுக்கு, எண்ணத்தையும் செயலையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற சிகிச்சை நன்கு சோதிக்கப்பட்டது; பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு மொத்தமாக 7 முதல் 14 மணி நேரம் என்று பரிந்துரைக்கிறது. வாரம் ஒரு முறை என்றால் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மாதம். படபடப்பு வந்த நேரம், அப்போது மனத்தில் ஓடியது, அதற்குப் பிறகு நடந்தது ஆகியவற்றைக் குறித்துவைக்கச் சொல்வார். நீங்கள் தவிர்த்துவரும் இடங்களுக்குச் சிறிது சிறிதாகப் போகச் சொல்வார். இந்தச் சிகிச்சைக்குக் காணொளி நன்றாகவே பொருந்தும். நேரில் பெறுவதற்கு ஏறத்தாழ இணையான பலன் கிடைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பாவைப் பற்றிய துக்கம் வேறு. அதற்குக் கூடுதல் காலம் ஆகலாம், அதை அவசரப்படுத்த வேண்டாம். நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் அவர் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றினால் அவரிடமே சொல்லுங்கள். மாறவில்லை என்றால் வேறொருவரைத் தேடுங்கள். முதல் அமர்வு மட்டும் ஏமாற்றம் தரக்கூடும். அது பெரும்பாலும் தகவல் திரட்டுவதிலேயே போய்விடும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறினாலோ, யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்டாலோ, பல நாட்கள் சாப்பிடவோ எழுந்திருக்கவோ முடியாமல் போனாலோ, இணையவழிச் சிகிச்சைக்காகக் காத்திருக்காமல் நேரில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடு இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. நாள் முழுவதும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கணவரைப் பற்றி. வயது வந்த ஒருவர் சிகிச்சை பெறக் கணவரின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. யாராவது கேட்டால் அது தவறு. ஆனால் வாரம் ஒரு மணி நேரத்தை ஒரே வீட்டில் மாதக்கணக்கில் மறைப்பதும் ஒரு பாரம்தான், அதுவும் பதற்றத்தோடு போராடிக்கொண்டிருப்பவருக்கு. இப்போதே சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். அவர் கைநீட்டுபவர், உங்கள் போனைச் சோதிப்பவர் என்றால் சொல்லவே வேண்டாம். வீட்டிலிருந்து பேசவும் வேண்டாம். இதை முதல் அமர்வில் உளவியலாளருக்குத் தெரிவித்துவிடுங்கள். அப்படி இல்லை, என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் மட்டும்தான் என்றால், எப்போது, எப்படிச் சொல்வது என்பதையே இரண்டாம் மூன்றாம் அமர்வில் பேசுபொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

படிவத்தை இன்றே முழுதாக நிரப்ப வேண்டியதில்லை. முதலில் அவருக்கு இப்படி எழுதுங்கள்: “படிவம் கிடைத்தது. நிரப்புவதற்கு முன் உங்கள் பதிவு எண் அல்லது பயிற்சி விவரம், கட்டணம், ரத்து செய்யும் விதி, அவசரத் தொடர்பு எண்ணை எப்போது பயன்படுத்துவீர்கள் என்பது ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தமிழிலேயே பேச விரும்புகிறேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு வாட்ஸாப்பில் செய்தி அனுப்ப வேண்டாம், மின்னஞ்சல் மட்டும் போதும்.” அவருடைய பதில் வந்த பிறகு ஐயம் ஏதும் எழுந்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயரும் அடையாளமும் வெளியே வராது.

அன்புடன்.