வளையத்தை மூடிவிட்டால் மருந்து ஆகிவிடுமா?

இளங்கலை வேதியியல் முடிக்கப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: மருந்துக்குரிய பல்லின வளையச் சேர்மங்களை (கார்பனோடு நைட்ரஜன் போன்ற வேறு அணுவும் சேர்ந்த வளையம் உள்ளவை) தயாரிக்கும் ஆய்வில் முதுகலை சேரலாமா, அந்த வளையத்தை உருவாக்குவது மிகவும் கடினமா?

வளையம் கடினமே இல்லை. பினாங்கில் முதுகலை ஆய்வு தொடங்கிய முதல் வாரமே இரத்த அழுத்த மருந்தான நிஃபெடிபினின் வளையத்தைச் செய்துவிட்டேன். நைட்ரோ பென்சால்டிஹைடு ஒரு பங்கு, மெத்தில் அசிட்டோஅசிட்டேட் இரண்டு பங்கு, அம்மோனியா. மெத்தனாலில் கொதிக்கவிட வேண்டியதுதான். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மன் வேதியியலாளர் ஹான்ட்ஷ் காட்டிய வழி. ரசம் வைப்பதற்குக்கூட இதைவிடக் கவனம் வேண்டும் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

மஞ்சள் படிகம் வர வேண்டிய குடுவையில் பாகுதான் நின்றது. கண்ணாடிக் குச்சியால் உட்சுவரைச் சுரண்டினேன், பனிக்கட்டியில் வைத்தேன், அசையவில்லை. சீனியர் அக்கா தன் பழைய படிகத்தில் ஒரு துகள் போட்ட பிறகே உறைந்தது. அதைக் கொண்டுபோய் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தேன்! வெளிச்சம் பட்டால் அதன் நைட்ரோ தொகுதி நைட்ரோசோவாகும், வளையமும் பிரிடீன் என்ற வேறு வளையமாகிவிடும். சில நாளில், கலவையைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் ஒரு புள்ளிக்கு இரண்டு புள்ளி. வெளிச்சம் ஆகாது என்ற வரியை முன்பே படித்திருந்தேன் என்பதுதான் வெட்கம்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மா பசியாறியதும் விழுங்கும் இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் மாத்திரையிலும் இதே வளையம்தான். ஆனால் நிஃபெடிபின் சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். வளையத்தின் ஓரத்தில் அமீன் முனையோடு ஒரு சிறு சங்கிலி தொங்குகிறது. உடலுக்குள் அது நேர்மின்னூட்டம் பெற்றுச் செல் சவ்வுகளைப் பற்றிக்கொள்கிறது. நாளுக்கு ஒரு மாத்திரை போதுமென்று ஆனதில் அந்தச் சங்கிலிக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ஆய்வின் சுவையும் தலைவலியும் இப்படி ஓரங்களில்தான் இருக்கின்றன.

‘உயிரியல் செயல்திறன் உண்டு’ என்று ஆய்வேடுகள் சொல்வது பெரும்பாலும் தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை வைத்து. கரையுமா, கல்லீரல் விட்டுவைக்குமா, நஞ்சாகுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சோதிக்க ஆளில்லாவிட்டால் நல்ல மருந்தும் தூங்கும்: பிரிடீன் வளையமுள்ள ஐசோனியாசிட்டை 1912இலேயே பிராகில் தயாரித்துவிட்டார்கள், காசநோய்க்கு உதவும் என்று உலகுக்குத் தெரிந்தது 1950களின் தொடக்கத்தில்.

சேரலாம், தம்பி. ஆனால் கையெழுத்திடும் முன் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்: நான் செய்யும் சேர்மங்களை யார், எந்தச் செல்களில் சோதிப்பார்கள்? “முதலில் இருபது செய்து கொடுங்கள், பிறகு பார்க்கலாம்” என்று பதில் வந்தால் வேறு ஆய்வுக்கூடம் தேடுங்கள்.