ஸ்ட்ரிங் தியரி: இயற்பியலா, வெறும் கணக்கா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் என் மகளுக்கு ஸ்ட்ரிங் தியரியில் பிஎச்.டி. செய்ய ஆசை. 'ஐம்பது வருஷமாக ஒரு சோதனையிலும் தேறாதது அறிவியலே இல்லை' என்கிறார் அவள் சித்தப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பொருள்களின் அடிப்படை புள்ளித் துகள்கள் அல்ல, அதிர்கிற மிக நுண்ணிய இழைகள் என்பதுதான் ஸ்ட்ரிங் தியரி. சோதனை விஷயத்தில் சித்தப்பா சொல்வது உண்மைதான். அந்த இழைகள் வழக்கமாகக் கருதப்படும் அளவுக்குச் சிறியவை என்றால், அவற்றை நேரடியாகக் காண ஜெனீவா அருகே உள்ள 27 கிலோமீட்டர் சுற்றளவு எல்.எச்.சி. என்னும் துகள் மோதல் இயந்திரத்தைவிடக் கோடி கோடி மடங்கு ஆற்றல் வேண்டும். யாரிடம் இருக்கிறது?

பிறகு ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? 1968-ல் வெனிசியானோ என்ற இயற்பியலாளர் ஒரு சூத்திரத்தை எழுதினார். அணுக்கருவுக்குள் செயல்படும் வல்விசைக்காக எழுதியது. ஈர்ப்பைப் பற்றி அப்போது பேச்சே இல்லை. அதிலிருந்து பிறந்த இழைக் கணக்கில் நிறையே இல்லாத, சுழற்சி எண் (ஸ்பின்) 2 கொண்ட ஒரு துகள் வந்து நின்றது. வல்விசைக்கு அது வேண்டாத விருந்தாளி. எவ்வளவு விரட்டியும் போகவில்லை. 1974-ல் ஷெர்க், ஷ்வார்ட்ஸ் என்ற இயற்பியலாளர்கள், 'இது ஈர்ப்பைச் சுமக்கும் கிராவிட்டான் துகள் அல்லவா!' என்றார்கள். யாரும் திணிக்காமல், கணக்கே ஈர்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தது. கல்லூரியில் குவாண்டம் பாடம் நடத்தியவன் நான். இந்த இடம் எனக்கு இன்றும் சிலிர்ப்புதான். 1996-ல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் சிலவகைக் கருந்துளைகளின் என்ட்ரோபியை (ஒழுங்கின்மையின் அளவை) இழைகளை வைத்து எண்ணிப் பார்த்தபோது, வேறு வழியில் முன்பே கண்ட பெக்கன்ஸ்டைன்–ஹாக்கிங் சூத்திரம் சொன்ன விடையே வந்தது. (அந்தக் கருந்துளைகள் காகிதத்தில் மட்டும் இருப்பவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சிக்கல் வேறு இடத்தில். இந்தக் கோட்பாட்டுக்குக் காலத்தையும் சேர்த்து 10 பரிமாணங்கள் வேண்டும். நாம் காணும் 4 போக மிச்சமுள்ள 6-ஐச் சுருட்டி வைக்கும் வழிகள் 1-க்குப் பின்னால் 500 பூஜ்யங்கள் போட்ட அளவுக்கு இருக்கலாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான பிரபஞ்சத்தைத் தரும் என்கிறார்கள். எது நடந்தாலும் 'அதைத்தான் சொன்னேன்' என்கிற ஜோசியரின் நிலைமை! 'அழகாக இருக்கிறது, வேறு மாற்றும் இல்லை, அதனால் சோதனை இல்லாமலே நம்பலாம்' என்று சிலர் பேசத் தொடங்கியதும் எல்லிஸ், சில்க் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 2014-ல் நேச்சர் இதழில் கண்டித்து எழுதினார்கள். அதில் நான் அவர்கள் பக்கம். கோட்பாட்டுக்கு அவகாசம் கொடுக்கலாம். சோதனை வேண்டும் என்ற விதியைத் தளர்த்தக் கூடாது.

கேள்வி: அப்படியானால் மகளைத் தடுக்கவா?
– அதே வாசகி

பதில்: வேண்டாமே! 1997-ல் இயற்பியலாளர் மால்டசேனா, ஈர்ப்புள்ள கோட்பாட்டுக்கும் ஈர்ப்பில்லாத குவாண்டம் கோட்பாட்டுக்கும் இடையே கண்ட தொடர்பு, குவார்க்–குளுவான் குழம்பை (அணுக்கருத் துகள்கள் உருகிய நிலையை) ஆராய்பவர்களுக்கும் கைகொடுக்கிறது. அசோக் சென் போன்ற இயற்பியலாளர்கள் இந்தியாவிலிருந்தே உலகத் தரத்தில் செய்த துறை இது. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, மும்பையில் டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. ஆனால் வேலை இடங்கள் குறைவு. சேருவதற்கு முன், வழிகாட்டப்போகும் பேராசிரியரிடம் பிஎச்.டி. முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.