முந்திரிப்பழம் பழமல்ல என்றால்…

கேள்வி: முந்திரிப்பழம் உண்மையில் பழமே அல்ல, வெறும் காம்புதான் என்று ஒரு துணுக்கில் படித்தேன். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கே இது தெரியாமல் போயிற்று. இதைத் தெரிந்துகொண்டதால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். இது உண்மைதானா? ஏன் இந்த மகிழ்ச்சி?
– ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: உண்மைதான். பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவதையே தாவரவியல் கனி என்கிறது. முந்திரியில் அப்படி உருவாவது அடியில் தொங்கும் கொட்டை மட்டுமே. மஞ்சளாகவோ சிவப்பாகவோ சாறு நிறைந்து, உப்புத் தொட்டுத் தின்றாலும் தொண்டையைக் கரகரக்கச் செய்யும் அந்தச் சதைப்பகுதி, பூவைத் தாங்கிய காம்பு பருத்து உண்டானது. பிஞ்சு விடும் நாட்களில் மரத்தடியில் நின்று பார்த்தால் இது நன்றாக விளங்கும்: முதலில் பச்சைக் கொட்டை ஏறத்தாழ முழு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது, அதன் தலைமேல் மெலிந்த குச்சியாக இருந்த காம்பு பிறகுதான் உப்பத் தொடங்குகிறது.

உங்கள் மகிழ்ச்சிக்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. கேள்விப்பட்டே இராத ஒன்றைப் பற்றிய செய்தியைவிட, நன்றாகத் தெரியும் என்று நாம் நம்பியிருந்த ஒன்றைப் பற்றிய செய்தியே நம்மை அதிகம் அசைக்கிறது என்பது என் எண்ணம். வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள 243 நாட்களும், சூரியனைச் சுற்றிவர அதைவிடக் குறைவாக 225 நாட்களுமே ஆகின்றன என்னும்போது நாம் வியப்பதும், நாளைவிட ஆண்டு பெரிது என்பதை ஐயமின்றி நம்பியிருந்ததால்தான்.

பயனே இல்லை என்று நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பங்கேற்றவர்களிடம் துணுக்குக் கேள்விகளைக் கேட்டு, விடைக்காகக் காத்திருக்கும் நொடிகளில் முன்பின் அறியாத ஒரு முகத்தையும் காட்டினார்கள். ஆவலைத் தூண்டிய கேள்விகளின் விடைகள் மட்டுமன்றி, அந்த ஆவலின்போது கண்ட, கேள்விக்குத் தொடர்பே இல்லாத முகங்களும் அவர்களுக்கு அதிகமாக நினைவில் நின்றன. பரிசை எதிர்பார்க்கும்போது செயல்படும் மூளைப்பகுதிகளே அப்போதும் விழித்தெழுந்திருந்தன.

கேள்வி: சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து பார்த்தால் தெரியும் என்பதும் இத்தகைய வியப்பான உண்மைதானே?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை, அது தவறு. நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுவரின் அகலமோ சில மீட்டர்தான். 2003இல் விண்வெளிக்குச் சென்று பூமியைச் சுற்றிவந்த முதல் சீனரான யாங் லிவெய், அவ்வளவு அருகிலிருந்தும் சுவரைத் தம்மால் காண முடியவில்லை என்றே தெரிவித்தார். கேட்டதும் பிறரிடம் சொல்லத் தோன்றுகிற அதே ஆவல்தான் இந்தத் தவறான செய்தியையும் பரப்பியிருக்கிறது. நிலவில் மனிதர் கால்வைத்த 1969க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது அச்சேறிவிட்டது.